ஹட்டனில் வாங்கிய வோக்கர்: லய வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்

மகளுக்கு 8 மாதம் ஆனபோது ஹட்டன் டவுனில் ஒரு கடையில் இந்த வோக்கரை, அதாவது பிள்ளையை உள்ளே உட்காரவைத்து உருளவிடும் நடைவண்டியை, வாங்கினோம். ஆறு சக்கரம், முன்னால் பாட்டுப் பாடும் தட்டு, விலை 9,500 ரூபாய். வாங்கக் காரணம் தரைதான். எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) சீமெந்துத் தரை விடியற்காலையில் ஐஸ் மாதிரி இருக்கும், சளி பிடிக்கும் என்று மாமி பிள்ளையைக் கீழே விடவே மாட்டார், நாள் முழுக்க இடுப்பில் வைத்திருந்து அவருக்கு முதுகுவலி. சரி, வோக்கரில் இருந்தால் குளிரும் படாது, நடையும் சீக்கிரம் வரும் என்று நினைத்தோம்.

நடை வரவில்லை. உட்கார்ந்தபடியே நுனிக்காலால் தரையை உந்துவாள், அவ்வளவுதான். கிளினிக்கில் நிறை பார்க்கும்போது மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொன்னேன். "அதில இருக்கும்போது பிள்ளைக்குத் தன் கால் தெரியுதா தங்கச்சி?" என்று கேட்டார். தெரியாது, தட்டு மறைத்துவிடும். ஆடி, விழுந்து, எழும்பித்தான் பிள்ளை உடம்பை நிமிர்த்தி நிற்கப் பழகும், அந்த வேலையை வோக்கர் செய்துவிட்டால் நடை பிந்தத்தான் செய்யும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து மாமி தேத்தண்ணி ஊற்றத் திரும்பிய நேரம் பிள்ளை இஸ்தோப்பு (வாசல் திண்ணை) விளிம்புக்கே போய்விட்டாள், முன் சக்கரம் வெளியே தொங்குகிறது, கீழே நாலு கல்படி. வீட்டுக்காரர் தட்டைப் பிடித்து இழுத்ததால் தப்பினாள். இது ஒரு விநாடியில் 3 அடிக்கு மேல் ஓடக்கூடிய சாமான், பக்கத்தில் ஆள் இருந்தும் பிடிக்க முடியாது. கனடாவில் 2004இலேயே வோக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டார்களாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது தரையில் இரண்டு சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் பழைய கம்பளி. தவழாமல் குந்தியபடியே நகர்ந்தாள், சில பிள்ளைகள் தவழவே மாட்டார்கள், அதுவும் சரிதான் என்றார் மிஸ்ஸி. 11 மாதத்தில் அரிசிப் பெட்டியைப் பிடித்து எழும்பி நின்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்தது என்று பயப்படாதீர்கள், தனியாக நடப்பது ஒரு பிள்ளைக்கு 9 மாதத்தில் வரும், இன்னொன்றுக்கு 17 மாதத்தில் வரும். 18 மாதமாகியும் நடக்காவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். குறைமாதப் பிள்ளை என்றால் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

பில் இருந்தும் கடையில் திருப்பி எடுக்கவில்லை. மேல் லயத்தில் இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்க மனம் வரவில்லை. சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டோம்.