ஆளை அசத்தித் தூங்கவைக்கிற மாத்திரைதான் கேட்குமா? மூன்று அலர்ஜி மாத்திரைகள், ஓர் அலசல்

ஒவ்வாத ஒன்று பட்டதும் மாஸ்ட் செல்கள் எனும் நம் தற்காப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது செல்களின் மேல் தனக்கென உள்ள இடங்களான எச்1 ஏற்பிகளில் போய் ஒட்டியதும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும். தோல் தடித்து அரிக்கும், மூக்கு ஒழுகும். அலர்ஜி மாத்திரை எதுவும் ஹிஸ்டமினை அழிப்பதில்லை. ஹிஸ்டமின் உட்காரும் இடத்தை முந்திக்கொண்டு பிடிக்கிறது, அவ்வளவுதான்.

மூத்தது குளோர்பெனிரமைன். பெரியவர்களுக்கு 4 மி.கி., நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். சிக்கல், இது மூளைக்குள்ளும் நுழைவது. மூளையில் ஹிஸ்டமினின் வேலை நம்மை விழிப்பாக வைத்திருப்பது. அதையும் சேர்த்து அடைத்தால் கண் சொருகாமல் என்ன செய்யும்? 'ஆளை அசத்தினால்தான் நல்ல மருந்து' என்று சொல்பவர்கள் பக்கவிளைவைப் பார்த்து வீரியம் என்கிறார்கள். இரவில் போட்டாலும் மறுநாள் காலை மந்தம் மிஞ்சலாம். வாய் உலரும். வயதானவர்களுக்குக் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரக்கூடும் என்பதால் அவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

செட்ரிசின் 10 மி.கி. ஒரு நாளைக்கு ஒன்று போதும். சுமார் ஒரு மணி நேரத்தில் கேட்கும். காணாக்கடிக்கு நல்ல தேர்வு. தூக்கம் குறைவுதான், ஆனால் சிலரைச் சாய்த்துவிடும். சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் அங்கே கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார். மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுச் சட்டென நிறுத்தினால் அரிப்பு கடுமையாகத் திரும்புவதும் உண்டு.

வண்டி ஓட்டுபவர்களுக்கு என் ஓட்டு ஃபெக்ஸோஃபெனடினுக்கு. இதற்கு முன்பு டெர்ஃபெனடின் என்றொரு மருந்து இருந்தது. இதயத் துடிப்பைக் குலைத்ததால் கைவிடப்பட்டது. அதை உடம்பு எதுவாக மாற்றியதோ அந்தப் பொருள்தான் இது. வேலை அப்படியே இருக்க, அந்த ஆபத்து மட்டும் நீங்கியது. மூளைக்குள் ஏறக்குறைய நுழைவதே இல்லை. பழச்சாற்றோடு விழுங்கினால் மட்டும் பாதி வீண், தண்ணீர்தான் சரி. லோராடடின் என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரை, தூக்க விஷயத்தில் இதற்கும் செட்ரிசினுக்கும் நடுவில் நிற்கும்.

மூக்கடைப்புதான் பெரிய தொல்லை என்றால் மூன்றுமே சுமார்தான். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே மேல். முழுப் பலனுக்குச் சில நாள் பொறுக்க வேண்டும்.

மூச்சுத் திணறல், தொண்டை வீக்கம், மயக்கம் வந்தால் இந்தப் போட்டியே செல்லாது. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. மாத்திரை கேட்கும் ஒரு மணி நேரத்துக்கு அந்த உடம்பு காத்திருக்காது.