சுங்கை சிப்புட்டில் ஒரு கணித டியூஷன் வகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடைவரிசை ஒன்றின் மாடியில் சனிக்கிழமை மாலை நடக்கும் படிவம் மூன்று (ஒன்பதாம் ஆண்டு) கணித வகுப்புக்கு என் மகள் மூன்று மாதங்களாகச் சென்று வருகிறாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கணிதத்தைத் தமிழில் கற்றுவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ‘பெந்துக் பியாவாய்’ என்ற பாடம் வாயில் நுழைந்தாலும் மனத்தில் ஏறுவதில்லை. இங்கே ஆசிரியை அதை அறிவியல் குறியீடு, அதாவது மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களை 10-இன் அடுக்கோடு பெருக்கி எழுதும் முறை என்று தமிழில் விளக்கிய பிறகே பயிற்சியைத் தொடங்குகிறார்.

எண்களின் அளவை ஒப்பிட அவர் கற்றுக்கொடுத்த விதத்துக்காகவே இதை எழுதுகிறேன். 9.8 × 10⁴ பெரியதா, 1.2 × 10⁵ பெரியதா என்று கேட்டபோது, பிள்ளைகளில் பலர் 9.8 உள்ளதையே காட்டினார்களாம். கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஓர் இலக்கமாக இரண்டையும் விரித்து எழுதச் சொன்னார். 98000 ஐந்து கட்டங்களில் முடிந்தது. 120000 ஆறாவது கட்டத்தைப் பிடித்தது. மகளின் தாளில் அந்த ஆறாவது கட்டத்தைச் சுற்றிப் பென்சில் அழுந்தப் பதிந்திருந்தது. நிலாவின் நிறை 7.35 × 10²² கிலோகிராம், பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோகிராம் என்று நான் வீட்டில் எழுதிக் காட்டியதும், முன்னால் நிற்கும் 7-இல் மயங்காமல் அடுக்கைப் பார்த்தாள். பூமி ஏறத்தாழ 81 மடங்கு என்று கணக்கிட்டும் சொன்னாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

குறை அடுக்குகளையும் நன்றாகவே நடத்தினார். சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7.5 × 10⁻⁶ மீட்டர், கொரோனா கிருமியின் விட்டம் ஏறத்தாழ 1 × 10⁻⁷ மீட்டர். 6-ஐவிட 7 பெரியது என்று எண்ணும் பிள்ளை இங்கேதான் தடுக்கி விழும்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். ‘முதலில் அடுக்கைப் பார்’ என்பதை விதியாகச் சொன்னவர், அது செல்லும் நிபந்தனையை வலியுறுத்தவில்லை. பயிற்சித்தாளில் 35 × 10⁴, 2.9 × 10⁵ என்று வந்தபோது மகள் இரண்டாவதையே பெரியது என்று எழுதினாள். பெருக்கும் எண் 1 முதல் 10-க்குள், 10-ஐத் தொடாமல் இருந்தால்தான் அந்த விதி பொருந்தும். 35 × 10⁴ என்பதை 3.5 × 10⁵ என்று திருத்திக்கொண்டால் அதுவே பெரியது. இதை ஆசிரியையிடம் சொன்னேன். மறுவாரமே அத்தகைய பத்துக் கணக்குகளைக் கொடுத்தார்.

மாதக் கட்டணம் 60 ரிங்கிட். பின்வரிசையில் அமர்ந்தால் வெண்பலகையில் எழுதும் சிறிய அடுக்கு எண்கள் தெரிவதில்லை. பிள்ளைகளைக் கால்மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.