வீட்டுச் சேர்வரைப் பற்றிக் கேட்டால் யூபிஎஸ்ஸைத் திட்டுகிறேன்

வீட்டில் எந்நேரமும் ஓடவிட்டு, படங்கள், பத்திரங்களை வைத்துக்கொள்ளச் சேர்வராக வாங்கும் பழைய மினி பிசிகளின் (சின்னக் கணினிகளின்) விலை இறங்கிவிட்டதாம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பன் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் விசாரித்துவிட்டு, "மச்சான், நீ வச்சிருக்கிற மாதிரி ஒண்டு எடுக்கட்டோ?" என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். பதில் எழுத எழுத நீண்டுவிட்டது. அதனால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன். பாவம், கேட்ட நேரம் சரியில்லை. அன்றுதான் சேர்வரின் யூபிஎஸ்ஸை (கறண்ட் போனால் கொஞ்ச நேரம் பற்றரியில் தாங்கும் பெட்டி) திறந்து பற்றரி மாற்றியிருந்தேன். அந்தக் கோபம் ஆறாமல் எழுதுவது இது.

கணினியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் ரகம். ஐ5-8500டி, ஆறு கோர், 16 ஜிபி ராம். டெபியன் என்ற லினக்ஸின் 11ஆம் பதிப்பில் தொடங்கினேன். 2023 ஜூனில் 12 வந்ததும் அதற்கு ஏற்றினேன், பிறகு 13க்கும் அப்படியே. இடையில் ஒருதரமும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவில்லை. குடும்பப் படங்களுக்கு இம்மிச், படம் பார்க்க ஜெலிஃபின், விளம்பரங்களை மறிக்க பை-ஹோல், கடிதம் பத்திரங்களுக்கு பேப்பர்லெஸ். இந்தக் கடைசிச் சாமானைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உள்ளே இருந்து எழுத்தை வாசிக்கும் டெசராக்டுக்குத் தமிழ், சிங்களம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், மும்மொழியில் வரும் கடிதத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டதும் வாசித்து வைத்துக்கொள்கிறது. பிறகு தமிழிலேயே தேடி எடுக்கலாம். கையெழுத்துப் பத்திரம் என்றால் தோற்றுவிடும், அது வேறு கதை. இதற்காகவே ஒருவர் சேர்வர் வைத்திருக்கலாம் என்று ஒரு காலத்தில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

எங்கள் இணைய இணைப்பில் எங்களுக்கென்று பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து வீட்டை நேரே எட்டும் முகவரி, கிடைப்பதில்லை. ரவுட்டரில் பார்த்தால் 100 என்று தொடங்கும் முகவரி ஒன்று இருக்கும். நிறுவனங்கள் தங்களுக்குள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்குவதற்கென்று 2012இல் ஒதுக்கிய தொகுதி அது. வெளியிலிருந்து வீட்டுக்குள் நேரே வரமுடியாது. நம் கருவிகளை எங்கிருந்தும் ஒரு தனி வலைப்பின்னலாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. கனடாவில் இருக்கும் அக்கா அங்கிருந்தே படங்களைப் பார்க்கிறா. (டெயில்ஸ்கேல் தன் முகவரிகளையும் அதே 100 தொகுதியிலிருந்துதான் எடுக்கிறது. முதலில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.)

லினக்ஸின் மேல் ஒரு முறைப்பாடும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் போன நாட்கள் நினைவிருக்கும். அப்போது என்னிடம் யூபிஎஸ் இல்லை. கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணையும், கறண்ட் வந்ததும் தானாக எழும்பும். ஒவ்வொரு தடவையும் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 தன் ஜேர்னலை (எழுதும் மாற்றங்களின் குறிப்பேடு) பார்த்துத் திருத்திக்கொண்டது, தரவுத்தளம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. ஒரு படமும் போகவில்லை. அவ்வளவு அடியையும் தாங்கியதைப் பார்த்துவிட்டு, இனியாவது இதை நிம்மதியாக வைத்திருப்போம் என்றுதான் யூபிஎஸ் வாங்கினேன். என் நிம்மதி போனது அன்றிலிருந்து.

650 விஏ வலு, எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் பெட்டி. பெயர் வேண்டாம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை பாய்ந்த மாதங்களில் வாங்கியது என்பதால் விலையைப் பற்றியும் பேசாமல் விடுகிறேன்.

முதலாவது, அதன் வாய். கறண்ட் போனால் கீக் கீக் என்று கத்தும். பற்றரி இறங்க இறங்க அவசரமாகக் கத்தும். இதைச் செய்தவர் மனதில் ஓர் அலுவலகம் இருந்திருக்கிறது. மேசையில் ஒருவர் இருப்பார், சத்தம் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைச் சேமித்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். என் சேர்வருக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சாமம் இரண்டு மணிக்கு அது கத்தினால் எழும்புவது பக்கத்து அறையில் படுத்திருக்கும் அம்மா. "தம்பி, உந்தப் பெட்டிக்கு ஏதாவது குடுத்து வாயை மூடப் பண்ணு" என்பா.

சரி, மென்பொருளால் மூடலாம் என்று பார்த்தால், அங்கேதான் வேடிக்கை. யூஎஸ்பி வயரைச் செருகினால் லினக்ஸ் அதை 0665:5161 என்ற எண்ணோடு கண்டுபிடிக்கிறது. மலிவு யூபிஎஸ்களில் எத்தனையோ இதே எண்ணோடுதான் வரும். யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள், சுருக்கமாக நட், அதோடு பேசவும் செய்கிறது. ஆனால் சத்தத்தை நிறுத்து என்று ஒரு கட்டளை கிடையாது. இருக்கும் நிலையை மறுபக்கம் மாற்று என்ற ஒன்று மட்டும் உண்டு. கத்திக்கொண்டிருந்தால் நிற்கும், சும்மா இருந்தால் கத்தத் தொடங்கும். இப்போது எந்த நிலை என்று கேட்டால், எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் தருகிறது. இதை வைத்து என்ன ஸ்கிரிப்ட் எழுதுவது?

அடுத்தது, பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்பது. இந்தப் பெட்டி சொல்வது வோல்ட் அளவு ஒன்றை மட்டும். மற்றதை நட் ஊகிக்கிறது. 13 வோல்ட் என்றால் நிறைவு, 10.4 என்றால் வெறுமை, இடையில் நேர்கோடு. ஈயப் பற்றரி நேர்கோட்டில் இறங்காது. புதிதாக இருக்கும்போது இந்த ஊகம் பரவாயில்லை. பழசானதும் 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு அப்படியே விழுந்துவிடும். பற்றரி இறங்குகிறது என்ற எச்சரிக்கை வந்து கணினி ஒழுங்காக அணைய வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும்? எச்சரிக்கைக்கும் விழுகைக்கும் இடையில் கணினி அணைய நேரமே இல்லை. அதனால் சதவீதத்தை நம்புவதை விட்டுவிட்டு, பற்றரியில் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் எப்படியும் அணைத்துவிடு என்று நேரம் வைத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் என்னை உண்மையிலேயே கடுப்பாக்கியது. மெதுவாக வாசியுங்கள். கறண்ட் போகிறது. பத்து நிமிடத்தில் சேர்வர் ஒழுங்காக அணைகிறது. யூபிஎஸ்ஸில் இன்னும் பற்றரி மிச்சம் இருப்பதால் அது தொடர்ந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பதினைந்தாவது நிமிடம் கறண்ட் வருகிறது. சேர்வர் எழும்ப வேண்டும் அல்லவா? எழும்பாது. மின்சாரம் போய் வந்தால் தானாக எழும்பு என்று பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பகுதி) போட்டிருக்கிறது, ஆனால் கணினியின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லையே. யூபிஎஸ் இல்லாத காலத்தில் முரட்டுத்தனமாக அணைந்தாலும் தானாக எழும்பிய இயந்திரம், யூபிஎஸ் வந்தபின் பண்பாக அணைந்துவிட்டுப் பண்பாகவே படுத்துக் கிடக்கிறது. நான் யாழ்ப்பாணம் போயிருந்த நேரத்தில் இப்படிப் படுத்தது. தளப் பெயர்களுக்கு முகவரி தேடிக்கொடுக்கும் பை-ஹோலும் அதிலேயே இருப்பதால் வீட்டில் இணையமும் இல்லை. மனைவி போன் எடுத்து, "நெட் இருக்கு, ஆனா ஒண்டும் வேலை செய்யுதில்லை, என்ன பெட்டியடா இது" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதற்கு நட்டில் முறையான வழி உண்டு. கணினி அணையும் கடைசி நொடியில் யூபிஎஸ்ஸுக்கு, நீயும் வெளியே கொடுப்பதை நிறுத்து, கறண்ட் வந்தபின் திரும்பத் தொடங்கு என்று சொல்லிவிட்டுப் போகும். நல்ல யூபிஎஸ் கேட்கும். என்னுடையது சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. ஏன் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

கடைசியில் ஒரு சுற்றுவழி. மூலையில் கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற பழைய சின்னப் பலகைக் கணினியை எடுத்து, யூபிஎஸ் எதுவும் இல்லாமல் நேரே சுவரில் செருகினேன். கறண்ட் போனால் அது செத்துவிடும், கறண்ட் வந்தால் எழும்பும். எழும்பி ஐந்து நிமிடம் பொறுத்து, சேர்வருக்கு வேக்-ஓன்-லான் பக்கெட் ஒன்றை, அதாவது வலைப்பின்னல் வழியாக எழுப்பும் செய்தியை, அனுப்பும். வாழ்க்கையில் அதற்கு வேறு வேலை கிடையாது. யூபிஎஸ் முழுதாக வடிந்து அணைந்திருந்தால் பயாஸ் எழுப்பும், வடியாமல் இருந்தால் பை எழுப்பும். இது ஒருதரமும் தவறியதில்லை. பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டி செய்ய வேண்டிய வேலையை, யாரும் வேண்டாத ஒரு பலகை செய்கிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. பயாஸில் அந்த அமைப்பு நிலைத்திருப்பது சிஆர்2032 என்ற காசுப் பற்றரியின் தயவில். பழைய கணினியில் அது ஏற்கெனவே சாகும் வயதில் இருக்கும். செத்தால் அமைப்பெல்லாம் பழைய நிலைக்குப் போய், தானாக எழும்புவதும் போய்விடும். கணினி வாங்கும் அன்றே புதிதாக ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

இப்போது பற்றரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி, அடைத்த ஈய அமிலம். இவற்றின் ஆயுளைக் கணக்கிடுவது 20, 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு. அதற்கு மேல் ஏறக்குறையப் பத்துப் பாகைக்கு ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. கொழும்பில் எந்த வீட்டில் 25 பாகை இருக்கிறது? ஏசி அறையில் நாங்கள் படுக்கிறோம், யூபிஎஸ் அல்ல. அதிலும் பெட்டிக்குள் ட்ரான்ஸ்ஃபோமரின் சூடு வேறு. எங்கள் வீடு காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் இருப்பதால் உப்புக் காற்றும் தன் பங்கைச் செய்கிறது. இந்த முறை திறந்தபோது பற்றரி முனைகளில் பச்சை படிந்திருந்தது, பக்கங்கள் பலாச்சுளை மாதிரி வீங்கியிருந்தன. இழுத்து எடுப்பதற்குள் தகரம் கையைக் கீறிவிட்டது.

திறந்த கையோடு இன்னொன்றும் செய்தேன். சுவர் பிளக்கையும் பற்றரி வயரையும் கழற்றிச் சிறிது நேரம் விட்டுவிட்டு, பலகையிலிருந்த, கத்துகிற பஸரைச் சூடுகாட்டி எடுத்துவிட்டேன். உத்தரவாதம் எப்போதோ முடிந்தது. இப்போது கறண்ட் போனால் என் போனுக்கு மட்டும் ஒரு செய்தி வரும். ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன லித்தியம் யூபிஎஸ் இருப்பதால் செய்தி வெளியே போவதில் சிக்கல் இல்லை. அந்தச் சின்னதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் அதன் பெருமை. அம்மா இன்னும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. கறண்ட் போவது குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறா.

நண்பன் செலவும் கேட்டிருந்தான். ரவுட்டரைத் தவிர்த்து, கணினியும் யூபிஎஸ்ஸின் சொந்தப் பசியும் சேர்ந்து 20 வாட்ஸ் என்று வைத்தால் மாதம் 14 யூனிட் சொச்சம். சிறிய தொகைபோலத் தெரியும். ஆனால் நம் கட்டணம் 90, 120, 180 யூனிட் என்று படியேறுவது. உங்கள் வீடு எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த 14 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் என்று கட்டணம் ஏறியபோது சேர்வரை இரவில் நிறுத்துவதா என்று வீட்டில் ஒரு பேச்சே நடந்தது. பிறகு கட்டணம் குறைந்ததால் அந்தப் பேச்சும் குறைந்தது.

நியாயமாகவும் பேச வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுக்க இருண்டதே, அன்று இந்தப் பெட்டி குறையில்லாமல் வேலை செய்தது. கத்தியது, தாங்கியது, சேர்வர் ஒழுங்காக அணைந்தது, பிறகு தானும் வடிந்து அணைந்தது. கறண்ட் வந்ததும் எல்லாம் வரிசையாக எழும்பின. சின்னச் சின்ன வோல்ட் ஏற்ற இறக்கங்களை அது எத்தனை தடவை சத்தமில்லாமல் சமாளித்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் திடீரென்று அணைந்ததற்கான எண்ணிக்கை, யூபிஎஸ் வந்தபின் ஏறக்குறைய அசையவில்லை. அதை மறைத்தால் பாவம்.

ஆகவே மச்சான், என் பதில்: எடுக்காதே. படங்கள்தான் பிரச்சினை என்றால் மாதம் மாதம் காசு கட்டிக் கூகுளில் வை. உனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், சாமத்தில் எழும்ப உனக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

நான்? போன கிழமை அதே கம்பனி, அதே மாடலில் இரண்டாவது யூபிஎஸ் ஒன்று வாங்கினேன், மேசைக் கணினிக்கு. வேறு மாடல் எடுத்தால் அதன் குணம் படிக்க இன்னும் சில வருடம் போகும். இதன் திருகாணி எங்கே, பஸர் எங்கே என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

நீ கேட்கப்போவதில்லை என்றும் தெரியும். எடுப்பதென்றால் பற்றரியைத் தனியாகப் புறக்கோட்டையில், முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் பார். மல்ட்டிமீட்டரைக் கையோடு கொண்டு போ. இந்தப் பற்றரிகள் இறாக்கையில் சும்மா கிடந்தாலும் வடிந்து கெட்டுப்போகும். முனைகளில் 12.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வேறொன்றை எடுக்கச் சொல். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.