துணி நாப்கினை வீட்டிலேயே தைக்க: எந்த மாதிரி, எந்தத் துணி, யாருக்கு?

துணி நாப்கின் தைக்கலாம் என்று யூடியூபைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பூப்போட்ட துணியில், இறக்கை வைத்து, நடுவில் தடிமனாகத் தைத்த பேட்கள்தான். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நம் ஊரில் துணி நாப்கினைப் பலர் பாதியில் கைவிடுவதற்குக் காரணம் கசிவு அல்ல, அது காயாததுதான். ஐப்பசி மழையில், மொட்டை மாடிச் சாவி ஹவுஸ் ஓனரிடம் இருக்கிற வாடகை வீட்டில், யார் கண்ணிலும் படக் கூடாது என்று சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால், ஒரு தடித்த பேட் உள்வரை காய்வதற்குள் அடுத்த தேவை வந்துவிடும். அரை ஈரத்தோடு எடுத்து வைத்தால் அரிப்பும் வாடையும் வரும். அதனால் இங்கே நான் முதல் மார்க் போடுவது காய்கிற வேகத்துக்கு. எவ்வளவு உறிஞ்சும் என்பது அதற்கு அடுத்ததுதான்.

உறிஞ்சுவது பற்றிக் கவலை அவ்வளவாக வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு மாதவிலக்கு முழுவதிலும் வெளியேறும் ரத்தம் பெரும்பாலான பெண்களுக்கு 30 முதல் 40 மில்லிதான். 80 மில்லிக்கு மேல் போனால் மருத்துவர்கள் அதை அதிகப் போக்கு என்று கணக்கில் எடுப்பார்கள். ஃபிளானல் (மெத்தென்று பஞ்சுபோல் இருக்கும் பருத்தித் துணி) நாலைந்து அடுக்கு இருந்தால் சாதாரண நாளைத் தாங்கும்.

மூன்று மாதிரிகள்

முதலாவது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துண்டாகத் தைத்த பேட். மேலே மெல்லிய பருத்தி, நடுவில் உறிஞ்சும் அடுக்குகள், கீழே ஈரம் புகாத துணி, இரண்டு பக்கமும் இறக்கை. உள்ளாடையில் வைத்து பட்டனைப் போட்டால் வேலை முடிந்தது. பள்ளிக்கும் ஆபீசுக்கும் போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் காய்வதில் இதுதான் கடைசி. கீழே இருக்கும் துணி ஒரு பக்கம் காற்றை அடைத்துவிடுவதால் ஈரம் வெளியேற மேல்பக்கம் மட்டுமே வழி. வெயில் காலத்தில் குறை தெரியாது, மழைக்காலத்தில் நன்றாகத் தெரியும்.

இதைத் தைப்பவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு வேலை, நடு அடுக்கு நகராமல் இருக்க மேலிருந்து கீழ்வரை ஒரே தையலாக ஓட்டிவிடுவது. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் கசிவதற்கு ஒரு வழி. நடு அடுக்கை மேல் துணியோடு மட்டும் முதலில் தைத்துக்கொள்ளுங்கள். கீழ்த் துணியை அப்புறம் ஓரத்தில் மட்டும் பிடித்தால் போதும்.

இரண்டாவது, உறையும் செருகு துணியும் தனித்தனியாக இருப்பது. இறக்கை வைத்த மெல்லிய உறை ஒன்று. அதன் மேல்பக்கம் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு நாடா. மடித்த துணியை அந்த நாடாக்களுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். செருகு துணி என்பது வெறும் செவ்வகம். பிரித்துப் போட்டால் கைக்குட்டை மாதிரி இரண்டே அடுக்காக விரியும், வெயிலில் சீக்கிரம் காயும். கொடியில் தொங்கினாலும் அது என்ன என்று எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நாம் எவ்வளவு பேசினாலும், கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம்தான். வெளிச்சத்தில் காயப்போடத் தைரியம் தருகிற மாதிரி எதுவோ அதுதான் சுத்தமான மாதிரி என்பது என் கட்சி.

இன்னொரு லாபம், செருகு துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போடலாம். ஈரம் புகாத துணி சேர்ந்த பேட்டை அப்படிக் கொதிக்கவைத்தால் பூச்சு உரிந்துவிடும். ஆரோவில்லில் இருந்து இயங்கும் ஈகோஃபெம் விற்கிற பேட்களிலும் விரித்துக் காயவைக்கிற மடக்கு மாதிரி இருக்கிறது.

மூன்றாவது, பாட்டி காலத்து வழி: பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ கிழித்து, மடித்து, அப்படியே வைப்பது. தைக்கவே வேண்டாம், செலவும் இல்லை, துணியும் பலமுறை துவைத்து மெத்தென்று இருக்கும். டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு பழைய பருத்தித் துணிகளைச் சுத்தம் செய்து நாப்கினாக்கிக் கொடுத்துவருகிறது, அதனால் பழந்துணி என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. இதன் குறை நகர்ந்துவிடுவதுதான். பஸ்ஸில் ஓடி ஏறவேண்டியவர்களுக்கு இது சரிப்படாது. அந்தத் துணிக்கே ஓர் உறை தைத்துவிட்டால் அது இரண்டாவது மாதிரியாகிவிடும், கதை முடிந்தது.

ஆக, புதிதாகத் தைப்பவர்களுக்கு என் ஓட்டு இரண்டாவதற்கு. ஒரே துண்டு பேட் இரண்டு தைத்து வெளியூர்ப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அளவு: உறை 25 செ.மீ. நீளம், இறக்கையை விரித்தால் 20 செ.மீ. அகலம், பட்டன் போட்டால் 7 செ.மீ. இரவுக்கு நீளத்தை 32 ஆக்கிக்கொள்ளுங்கள். செருகு துணி தைத்து முடித்தபின் 25க்கு 21 செ.மீ. இருந்தால், மூன்றாக மடிக்கும்போது 7 செ.மீ. அகலமும், இரட்டைத் துணியாதலால் 6 அடுக்கும் வரும். தையலுக்கு விட்டு 27க்கு 23 என்று வெட்ட வேண்டும். 90 செ.மீ. அகல ஃபிளானல் ஒரு மீட்டரில் 12 துண்டு, அதாவது 6 செருகு துணி கிடைக்கும். வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பின் சுருங்கினால் பேட் படகுபோல் வளைந்துகொள்ளும்.

நடுவில் எந்தத் துணி

கடையில் ஃபிளானல் என்று கேட்டால் பாலியஸ்டர் கலந்ததையும் எடுத்துப் போடுவார்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். தேங்காய்ப்பூ துண்டு ஃபிளானலைவிட வேகமாக இழுக்கும், ஆனால் தடிமன் கூடும். அதை ஒரே ஓர் அடுக்கு மட்டும் நடுவில் வைக்கலாம். ஈரிழைத் துண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மெல்லியது, உறிஞ்சும், சீக்கிரம் காயும். எனக்குப் பிடித்தது அதுதான்.

பழைய பனியன் துணியும் நல்லதே. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கட்டிங் வேஸ்டே எடைக்குக் கிடைக்கும். இழுபடும் துணி என்பதால் வெட்டுவதுதான் கொஞ்சம் சிரமம், முனை உருண்டையான பால்பாயிண்ட் ஊசி வேண்டும்.

மைக்ரோஃபைபர் வேண்டாம். கார் துடைக்கிற அந்தத் துணி தண்ணீரை வேகமாக இழுக்கும், ஆனால் உட்கார்ந்து அழுத்தினால் அதே வேகத்தில் திருப்பித் துப்பும். தோலில் நேரடியாகப் பட்டால் வறட்சியும் எரிச்சலும் வேறு.

கீழ்த் துணி

பி.யு.எல். என்பது பின்னல் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. துணி டயப்பர் தைப்பவர்களுக்கு விற்கும் ஆன்லைன் கடைகளில் கிடைக்கும். மெல்லியது, சத்தம் போடாது, கசிவை நம்பி விடலாம். குண்டூசி குத்தாதீர்கள், துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். 11 நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல் போதும். பருத்தி நூல் போட்டால் அது திரிபோல ஈரத்தை வெளியே இழுத்து வந்துவிடும். படலம் உள்பக்கம் வர வேண்டும், நேரடியாக அயர்ன் செய்யக் கூடாது.

ஃபிளீஸ் துணியும் (குளிர் ஜாக்கெட் தைக்கிற மெத்தென்ற பாலியஸ்டர்) ஈரத்தை ஓரளவு தடுக்கும், காற்றும் போகும். ஊட்டியில் இருப்பவருக்குச் சரி, மே மாதத்து வேலூரில் அதை வைத்துக்கொண்டு நடக்க முடியாது. மழைக்கோட்டுத் துணி, குடைத்துணி, ரெக்சின் எல்லாம் ஆளாளுக்குச் சொல்கிற யோசனைகள். சரசரக்கும், வியர்க்கும், பூச்சு உதிரும். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் கீழ்த் துணியே இல்லாமல் இன்னொரு அடுக்கு பருத்தி போடுங்கள். குறைந்த போக்கு நாட்களுக்கு அதுவே போதும், தோலுக்கும் இதம்.

பட்டனில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் துருப்பிடிக்காது, ஆனால் பொருத்த இடுக்கி வாங்கவேண்டும். வெல்க்ரோ தோலைக் கீறும், நூல் தூசியையெல்லாம் சேர்த்துக்கொள்ளும்.

துவைப்பது: முதலில் பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் பட்டால் ரத்தக்கறை பிடித்துக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும்.

சிறுநீர்க் கசிவுக்கு அதே பேட் போதுமா?

போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக வரும். சிறுநீர் ஒரே பாய்ச்சலாக வரும், தண்ணீராக இருப்பதால் பக்கவாட்டில் ஓடும். இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் சில சொட்டுகள் கசிபவர்கள் ஒரு வகை. பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் நிறையப் போய்விடுபவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு, கொஞ்சம் மாற்றி வீட்டில் தைத்த பேட் தாராளமாகப் போதும். அவர்கள் வருஷக்கணக்கில் கடைப் பேட் வாங்குவதைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றுகிறது. கூடவே ஒரு டாக்டரையும் பாருங்கள். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியிலேயே பலருக்குக் குறையும். சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோ காரணமாக இருந்தால் அது தெரிய வேண்டும்.

தைப்பதில் இரண்டு மாற்றம். ஒன்று, மேல் துணி. ரத்தத்துக்குப் பருத்தி நல்லது. சிறுநீருக்குப் பருத்தி போட்டால் ஈரம் தோலிலேயே நிற்கும், தோல் வெந்துபோகும். விளையாட்டு டி-ஷர்ட் தைக்கிற மெல்லிய டிரை-ஃபிட் துணி ஈரத்தைக் கீழே அனுப்பிவிட்டுத் தான் உலர்ந்து நிற்கும். பையனுக்குச் சின்னதாகிப்போன ஜெர்சி ஒன்று வீட்டில் கிடக்கும், அதை வெட்டுங்கள். இரண்டு, அகலம். நடுப்பகுதி 7 செ.மீ. போதாது, 9 வேண்டும். தேங்காய்ப்பூ துண்டு அடுக்கும் இங்கே அவசியம், பாய்ச்சலை உடனே பிடிக்க அதுதான் உதவும்.

எவ்வளவு தாங்கும் என்பதை ஊகிக்க வேண்டாம். சமையல் தராசில் பேட்டை உலர்வாக நிறுத்து, 50 மில்லி தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, மேலே காகிதத் துண்டு வைத்துக் கையால் அழுத்துங்கள். காகிதம் நனைந்தால் அந்த அடுக்கு போதவில்லை. முழுக்க நனைத்துச் சொட்டுவது நின்றபின் நிறுத்தால், கூடிய ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி.

ஆனால் சிறுநீர்ப்பை நிறைந்தால் 300 முதல் 500 மில்லி. அதை மொத்தமாகத் துணியால் பிடிக்க முடியாது. கடையில் விற்கும் டயப்பருக்குள் இருக்கும் பொடி சிறுநீரைக் கெட்டியான கூழாக்கிப் பிடித்துவைத்துக்கொள்ளும். எந்தத் துணிக்கும் அந்த வித்தை கிடையாது. இரண்டாவது வகையினருக்கு வெளியே போகும்போதும் இரவிலும் டயப்பரே மேல். பகலில் வீட்டில் இருக்கும்போது துணி, அதுவும் நனைந்த உடனே மாற்ற ஆள் இருந்தால்.

சிறுநீர் பட்ட துணியை மூடிய வாளியில் ஊறப்போடாதீர்கள். யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது வருவதுதான் அந்த அம்மோனியா நெடி. உடனே ஓடும் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

சேலை கட்டும் பாட்டிகளுக்கு இன்னொரு சிக்கல். உள்பாவாடையோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இறக்கை பேட்டை எதில் பொருத்துவது? அவர்களுக்கு இடுப்பு நாடா மாதிரிதான் சரி. பேட்டின் இரண்டு முனையிலும் துணி வளையம் தைத்து, இடுப்பில் கட்டிய எலாஸ்டிக் நாடாவில் கோத்துவிடலாம். மூட்டுவலி உள்ள விரல்களுக்குப் பிரஸ் பட்டனைவிட இது லேசு. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சில ஆண்களுக்கும் கொஞ்ச காலம் சொட்டும். அவர்களுக்கு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் வெட்டி, இறுக்கமான ஜட்டிக்குள் வைத்தால் போதும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு உடம்பில் கட்டும் பேட்டைவிடப் படுக்கை விரிப்பு தைப்பதே உழைப்புக்கு ஏற்ற பலன். 60க்கு 90 செ.மீ. அளவில் பழைய பருத்திச் சேலை நாலு மடிப்பு, நடுவில் ஒரு தேங்காய்ப்பூ துண்டு, கட்டம்கட்டமாக ஓட்டுத் தையல். அதன் கீழே ரப்பர் ஷீட்டைத் தனியாக விரியுங்கள், சேர்த்துத் தைக்காதீர்கள். சேர்த்துத் தைத்தால் காயாது, தனித்தனியாக இருந்தால் ஷீட்டைத் துடைத்துவிட்டு விரிப்பை மட்டும் மாற்றலாம். மூன்று விரிப்பு இருந்தால் ஒன்று படுக்கையில், ஒன்று கொடியில், ஒன்று கையிருப்பில் இருக்கும். மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு கூடுதலாகத் தைத்துவையுங்கள்.