38,500 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் பெட்டி: பழைய டேப் ரெக்கார்டர் வாங்குவோருக்கு எச்சரிக்கை

பழைய கேசட் செட்டுகளைத் தேடி வாங்கிச் சீர்செய்து வைத்துக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்கள், அடுத்த முன்பணத்தை அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 38,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஜப்பான் ஸ்டீரியோ செட்டில் கேசட் பகுதி வேலையே செய்யவில்லை. நாடாவில் பதிந்த ஒலியைப் படிக்கும் ஹெட்டிலிருந்து வரும் கம்பிகளை வெட்டி ஓரமாக மடக்கிவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ப்ளூடூத் போர்டை ஆம்ப்ளிஃபயரோடு பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கேசட் சுற்றுகிறது, ஸ்பீக்கரில் பாட்டு வருகிறது, ஆனால் அந்தப் பாட்டுக்கும் அந்தக் கேசட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்த கோபம் இன்னும் தணியவில்லை, அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் இறுதியில் சொல்கிறேன்.

விற்றவரின் பெயரையும், விளம்பரம் வந்த இணையச் சந்தையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வழக்குப் போடப்போகிற நேரத்தில் பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரான நண்பர் ஒருவர் தடுத்துவிட்டார். செட்டின் மாடல் எண்ணைச் சொன்னாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன். பழைய பொருட்களைத் தனியாட்கள் படம் போட்டு விற்கும் சந்தை அது, விற்றவர் பழைய ரேடியோக்களும் டேப் ரெக்கார்டர்களும் மட்டுமே விற்பவர் என்பது போதும்.

செட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1980களின் தொடக்கத்தில் வந்த, நான்கு ஸ்பீக்கர்களும் இரண்டு முள் மீட்டர்களும் உள்ள, தூக்கிப் பிடிக்க உலோகக் கைப்பிடி வைத்த பெரிய டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த செட். வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் வரும்போது இத்தகைய செட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்ததும், அதற்கு வழியில்லாதவர்கள் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். தூசி படாமல் இருக்கத் துணியுறை தைத்துப் போட்டு, பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டுபோய் ரெக்கார்டிங் கடையில் டிடிகே கேசட்டில் பதிந்து வாங்கி வந்து கேட்ட தலைமுறை நாங்கள். ஷார்ப் ஜிஎஃப்-777, ஜேவிசி ஆர்சி-எம்90 போன்ற பெரிய பெயர்களுக்கு இன்று கேட்கப்படும் விலை என் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால்தான் அடுத்த வரிசையில் இருக்கும் செட்டுகளைத் தேடுகிறோம், அதனால்தான் இவரைப் போன்றவர்கள் அந்த வரிசையைக் குறிவைக்கிறார்கள்.

விளம்பரத்தில் எழுதியிருந்தது இது: துபாயில் வேலை பார்த்த பெரியவர் 1983இல் கொண்டுவந்தது, ஒரே கையில் இருந்தது, முழு சர்வீஸ் முடிந்தது, பெல்ட் புதிது, ரோலர் புதிது, ஹெட் ஒரிஜினல். இவ்வளவையும் எவரும் எழுதிவிடலாம் என்பதால் நான் தொலைபேசியில் அழைத்துத் துருவித் துருவிக் கேட்டேன். பழைய பெல்ட் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டபோது, அது தார்போல உருகிப் புல்லியின் பள்ளத்தில் ஒட்டியிருந்ததாகவும், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை முழுவதும் ஆனதாகவும், விரல் நகங்களில் கறுப்பு இன்னும் போகவில்லை என்றும் சொன்னார். நாற்பது ஆண்டு ஆன ரப்பர் பெல்ட்டுகளுக்கு நேர்வது அதுதான், கை வைத்து வேலை செய்தவருக்குத்தான் அந்தக் கறுப்பு தெரியும். ஹெட்டின் கோணத்தைத் திருகாணியில் திருப்பிச் சரிசெய்தீர்களா என்று கேட்டதற்கும், உச்ச ஒலிகள் தெளிவாக வரும்வரை காதால் கேட்டு வைத்தேன் என்று தயங்காமல் பதில் வந்தது. ஏமாற்றுகிறவருக்குத் தொழில் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். இவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த தொழிலைச் செய்யாமல், தெரிந்ததைப் பேசியே காசாக்குகிறார்.

பிறகு வீடியோ அழைப்பில் செட்டைக் காட்டினார். "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்கண்ணா, கேசட் இருந்தா போட்டுக் காட்டுறேன்" என்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த இளையராஜா பாட்டு ஒன்றைச் சொன்னேன். சற்று நேரம் பெட்டியைத் துழாவும் சத்தம் கேட்டது. எக்கோ நிறுவனத்தின் பழைய கேசட் ஒன்றை எடுத்து, அட்டையைக் கேமராவின் அருகே பிடித்துக் காட்டி, கதவைத் திறந்து வைத்து, மூடி, பட்டனை அழுத்தினார். ரீல் சுற்றியது, இரு மீட்டர்களிலும் முள் துள்ளியது, பாட்டு வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பல்லவி முடியும்வரை ஓடவிட்டார். அடுப்படியில் இருந்த என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று கேட்டார். சரணம் தொடங்கும்போதுதான் விற்பவர் வாயைத் திறந்தார்: "இதை ரசிக்கத் தெரிஞ்சவங்க கைக்குத்தான் போகணும்னு பெரியவர் சொல்லியிருக்கார்ணா. இன்னொருத்தர் நாற்பதுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கார், நான் உங்களுக்கே தர்றேன்." அன்றிரவே 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். பார்சல் போடுவதற்கு முன் மீதி 28,500 ரூபாயும் போனது. மொத்தம் 38,500 ரூபாய்.

கேமராவுக்கு வெளியே இன்னொரு கைப்பேசி இருந்திருக்கிறது. பெட்டியைத் துழாவிய அந்தச் சற்று நேரத்தில் அதில் பாட்டைத் தேடி எடுத்திருக்கிறார்கள். பெரியவர் என்று ஒருவர் இருந்தாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

பார்சலை மட்டும் குறை சொல்ல முடியாது, தெர்மாகோல் வைத்து அவ்வளவு பத்திரமாகக் கட்டியிருந்தார்கள். கூடவே 12 வோல்ட் அடாப்டர் ஒன்றும், "பாதுகாப்புக்காக இதையே பயன்படுத்தவும்" என்று ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. என்னிடமிருந்த ஒரு பதிவுக் கேசட்டைப் போட்டேன். ரீல் சுற்றியது, மெல்லிய இரைச்சல் தவிர ஒன்றும் வரவில்லை. வேறு கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தும் அதே இரைச்சல்தான். அவரை அழைத்தபோது, ரேடியோவா கேசட்டா என்று மாற்றும் ஃபங்ஷன் சுவிட்சை நாலைந்து முறை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னார். தள்ளினேன். லாரியில் வந்த களைப்பு, ஒரு நாள் அப்படியே விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்றார். இயந்திரத்துக்குக் களைப்பு என்பதை அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது என் மகள். தன் கைப்பேசியை வேறு எதனோடோ இணைப்பதற்காகப் பட்டியலைத் திறந்தவள், வீட்டில் இல்லாத ஒரு ப்ளூடூத் கருவியின் பெயர் தெரிகிறதே என்று கேட்டாள். விளையாட்டாக அதைத் தொட்டுப் பாட்டு ஒன்றைப் போட்டாள். நாற்பது வருடத்துச் செட்டு, உள்ளே கேசட்டே இல்லாமல், முழு ஒலியில் பாடியது.

பின்மூடியைக் கழற்றியபோது பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். பாட்டரி அறைக்குப் பின்னால், உருக்கிய பசையில் ஒட்டிய பச்சை நிறப் போர்டு. ஹெட்டின் கம்பிகள் வெட்டப்பட்டு முனையில் டேப் சுற்றப்பட்டிருந்தன. ஹெட்டின் முகத்தில் நாடா ஓடிய இடத்தில் நகம் சிக்குமளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது, அந்த ஹெட்டைத் திரும்ப இணைத்தாலும் பயனில்லை. புதிது என்று சொன்ன ரோலர் இறுகிக் கல்லாகிப் பளபளத்தது. நாடா ஒரே சீராக, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதற்கு அந்த ரோலர் மென்மையாக இருந்து, சுழலும் மெல்லிய தண்டான கேப்ஸ்டனோடு நாடாவை அழுத்திப் பிடிக்க வேண்டும். இதில் அசல் கேசட்டை நம்பிப் போட்டால் நாடாவை இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். மோட்டார் பெல்ட் மட்டும் புதிது. வீடியோவில் ரீல் சுற்ற வேண்டுமே, அதற்காக.

துபாய்க் கதைக்கும் அங்கேயே விடை இருந்தது. பின்புறத் தகட்டின் மேல் வழவழப்பான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். உரித்துப் பார்த்தால் 100 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. விளம்பரப் படங்களில் டயலின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு எண்கள் மறைந்திருந்தன, நேரில் பார்த்தால் எஃப்எம் 76 முதல் 90 வரைதான். இது ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்யப்பட்ட செட். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், அங்கே எஃப்எம் அலைவரிசை தொடங்குவது 76 மெகாஹெர்ட்ஸில். வளைகுடாவிலிருந்து வந்த செட்டுகளில் பொதுவாக 110, 220 என்று மாற்றிக்கொள்ளும் திருகு இருக்கும், எஃப்எம் 108 வரை போகும். நம்மூர்த் தனியார் எஃப்எம் நிலையங்கள் எல்லாம் 91க்கு மேல் இருப்பதால் இந்த ரேடியோவும் எனக்குப் பயனில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 100 வோல்ட் என்பதை ஸ்டிக்கர் மறைத்திருந்ததால், தெரியாமல் யாராவது இதை நேராக 230 வோல்ட்டில் செருகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்திருக்கும். அடாப்டரோடு வந்த அந்தத் துண்டுச் சீட்டின் அக்கறைக்கு இதுதான் பொருள். தீப்பிடிக்கலாம் என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறார்.

படங்களை அனுப்பிவிட்டு அழைத்தேன். "தம்பி, ஹெட் கம்பியை வெட்டியிருக்கிறீர்களே" என்று கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. "பாட்டு வருதுல்லண்ணா, எதுல வந்தா என்ன? இப்ப யாரு கேசட் போடுறா? எல்லாரும் ப்ளூடூத் வைக்கச் சொல்லித்தான் கேக்குறாங்க, உங்களுக்கு அதை ஃப்ரீயா வச்சுக் கொடுத்திருக்கேன்" என்றார். 38,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, கேசட் செட்டின் உயிரை எடுத்துவிட்டு, அதை இலவசம் என்று சொல்லும் துணிச்சலை நினைக்க நினைக்க இப்போதும் கை நடுங்குகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். சர்வீஸ் செய்தது நீங்கள் என்றல்லவா சொன்னீர்கள் என்றதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பிறகு ஒரு குரல் செய்தி: பழைய சாமான் வாங்குபவர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வாங்க வேண்டும், விற்ற பொருளைத் திரும்ப எடுக்கும் வழக்கம் தன்னிடம் இல்லை. அதன்பின் என் எண்ணைத் தடுத்துவிட்டார். மனைவியின் எண்ணிலிருந்து அழைத்தபோது, குரலைக் கேட்டதும் அதையும் தடுத்தார்.

இணையச் சந்தையிடம் புகார் செய்தேன். தாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சந்திக்க வைப்பதோடு சரி, பணம் வெளியே கைமாறியதால் பொறுப்பில்லை என்று ஒரு பதில் வந்தது. படங்களோடு மறுபடி எழுதினேன். எழுத்து மாறாமல் அதே பதில் வந்தது, கீழே வேறு பெயர். பழைய செட் ஆர்வலர்களின் குழு ஒன்றில் எழுதியபோது, இரு தரப்பும் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், குழுவில் சண்டை வேண்டாம் என்று நிர்வாகி என் பதிவை நீக்கினார். அந்த விற்பனையாளரின் விளம்பரங்கள் அதே குழுவில் அப்படியே இருக்கின்றன. காவல் நிலையத்தில், பொருள் கைக்கு வந்துவிட்டதே, பிறகென்ன ஏமாற்று என்று கேட்டார்கள். பெட்டி கைக்கு வந்தது உண்மைதான். 38,500 ரூபாய்க்கு நான் வாங்கியது பெட்டியை அல்ல என்பதை அங்கே யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

ஆலோசனைகளை விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். வீடியோவில் பாட்டைக் கேட்டு மயங்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேயை விடாமல் ஃபாஸ்ட் ஃபார்வர்டை லேசாக அழுத்தச் சொல்லுங்கள், அந்த வசதியுள்ள செட்டானால் நாடாவின் குரல் கீச்சிட வேண்டும். கேசட்டைத் தொடக்கம்வரை சுற்றிப் போடச் சொல்லுங்கள், முதல் சில நொடிகள் வெற்று நாடா ஓடி, பிறகு இரைச்சல் வந்து, அதன்பின்தான் பாட்டு வர வேண்டும். ஓடும்போது கதவைத் திறந்தால் பாட்டு நிற்க வேண்டும். பின்மூடியைக் கழற்றிய படம், தகட்டின் படம், டயலின் படம் மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். முடிந்தால் நேரில் போய் உங்கள் கேசட்டைப் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணில் தெரிவியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் கிடையாது, என் புகார் அங்கேதான் போகிறது. குரல் செய்திகளையும் பணம் அனுப்பிய விவரங்களையும் அழிக்காதீர்கள், பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். அதே விற்பனையாளர், வேறு நிறத்துச் செட், அதே துபாய்ப் பெரியவர், இம்முறை 42,000 ரூபாய். கீழே ஒருவர் "இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு அங்கே பதில் எழுத அனுமதி இல்லை. அப்படிக் கேட்டவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், முன்பணம் போவதற்குள் இந்தப் பதிவை அவருக்கு அனுப்பிவையுங்கள்.