தேர்தல் கண்காணிப்பாளர் பயிற்சி: நாற்காலிக்கு முழு மதிப்பெண், படிவத்துக்கு இல்லை

கட்சி சார்பற்ற தேர்தல் கண்காணிப்பாளராகப் பணியாற்ற விரும்பும் தன்னார்வலர்களுக்காக ஓர் அமைப்பு நடத்திய இரண்டு நாள் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். வகுப்பு, கையேடு, வாக்குப்பதிவு நாளில் நிரப்ப வேண்டிய படிவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே வழங்குகிறார்கள் என்பதால் மூன்றையும் பற்றி எழுதுகிறேன். வகுப்பு மிக நன்று, கையேடு பரவாயில்லை, படிவத்தை இப்போதிருக்கும் வடிவில் எந்த வாக்குச்சாவடிக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து.

முதல் நாள் முற்பகல் முழுவதும் சட்ட அடிப்படைகள். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 21ஆவது உறுப்புரை இரகசிய வாக்கெடுப்பைக் குறிப்பிடுவதும், 1966ஆம் ஆண்டின் குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை தன் 25ஆவது உறுப்புரையில் அதையே வலியுறுத்துவதும், பன்னாட்டுக் கண்காணிப்பாளர்களுக்கு 2005இலும் உள்நாட்டுக் கண்காணிப்பாளர்களுக்கு 2012இலும் தனித்தனிக் கோட்பாட்டுப் பிரகடனங்கள் வெளியிடப்பட்டதும் திரையில் வரிசையாக வந்துபோயின. திரையில் இருப்பதையே வாய்விட்டு வாசித்ததைத் தவிர்த்திருக்கலாம். கண்காணிப்பாளர் பார்க்கலாம், குறிக்கலாம், கேட்கலாம், ஆனால் தலையிடக் கூடாது என்ற வரம்பை மட்டும் பயிற்றுநர் எடுத்துக்காட்டுகளோடு நன்றாக விளக்கினார்.

பிற்பகலில்தான் பயிற்சி உயிர் பெற்றது. ஒரு கூடத்தை மாதிரி வாக்குச்சாவடியாக அமைத்து, அலுவலர், கட்சி முகவர், வாக்காளர், கண்காணிப்பாளர் என்று எங்களைப் பிரித்து உட்கார வைத்தார்கள். அட்டை மறைப்பு மேசைமேல் ஒழுங்காகத்தான் நின்றது. வாசலில் நின்று பார்த்த எல்லோரும் ‘இரகசியம் காக்கப்படுகிறது: ஆம்’ என்று குறித்தோம். பிறகு பயிற்றுநர் எங்களை ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு நிமிடம் உட்காரச் சொன்னார். மூன்றாவது முகவரின் நாற்காலியிலிருந்து பார்த்தால், மறைப்பின் விளிம்புக்கு வெளியே வாக்காளரின் முழங்கை தெரிந்தது. சீட்டில் பெயர்கள் மேலிருந்து கீழாக அச்சிடப்பட்டிருந்ததால், முழங்கை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை வைத்து, முத்திரை மேல்பாதியில் விழுந்ததா கீழ்பாதியில் விழுந்ததா என்று ஊகிக்க முடிந்தது. மேசையை ஒரு சாண் நகர்த்தியதும் அந்தக் குறை நீங்கியது. சாவடிக்குள் நுழைந்தால் முதலில் எந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பிற்பகலில் கற்றேன்.

அதே நுணுக்கத்தோடு மற்றவற்றையும் காட்டினார்கள். கண்ணாடி போன்ற வாக்குப்பெட்டி கள்ளச் சீட்டுகளை முன்கூட்டியே நிரப்புவதைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் சீட்டை மடிக்காமல் போட்டால் அதே பெட்டி வாக்கை எல்லோருக்கும் காட்டிவிடும். மை மறுபக்கம் ஊறித் தெரியும் அளவுக்குத் தாள் மெல்லியதாக இருந்தால் மடித்தும் பயனில்லை.

கையேட்டில் வரலாற்றுக்கு ஒரே பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 1856இல் அரசே அச்சிட்ட சீட்டைக் கொண்டு இரகசியமாக வாக்களிக்கும் முறை வந்தது. பிரிட்டன் 1872இல்தான் அதற்கு மாறியது. அவ்வாண்டு பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தலில் வாக்குப்பெட்டியின் அரக்கில் பதித்தது அவ்வூர் அதிமதுர மிட்டாய்க்கான முத்திரையாம். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் நிலவுடைமையாளருக்கும் முதலாளிக்கும் முன்னால் வாய்விட்டு வாக்குச் சொல்ல வேண்டியிருந்த பழைய நிலையைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தால் பக்கம் நிறைவு பெற்றிருக்கும்.

இரண்டாம் நாளின் சிறந்த பகுதி ‘சங்கிலி வாக்கு’ பற்றியது. முதல் ஆள் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுவந்துவிடுவார். தரகர் அதில் முத்திரையிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, தனக்குக் கிடைத்த வெற்றுச் சீட்டைத் தரகரிடம் ஒப்படைத்துக் காசு வாங்குவார். வாக்கு விற்பனைக்கு வேண்டியது சான்று. இரகசியம் குலைந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். இப்போது அந்த வேலையைக் கைப்பேசிப் படமே செய்துவிடுகிறது. இத்தாலி 2008இலேயே கேமரா உள்ள கைப்பேசியை வாக்களிப்பு மறைவுக்குள் கொண்டுசெல்லத் தடை விதித்தது. இதை நடித்துக் காட்டியபோது, எங்கள் குழுவில் நால்வரில் மூவர் சீட்டு வெளியே போனதைக் கவனிக்கவே இல்லை. நானும் அந்த மூவரில் ஒருவன்.

பார்வையற்றவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் துணைவர் உதவுவது பற்றி அரை மணி நேரமே பேசினார்கள்; அது போதாது. வழங்கப்படும் உதவி சார்பற்றதாக இருக்க வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1996இல் வெளியிட்ட 25ஆவது பொதுக் கருத்துரை சொல்கிறது. ஒரே ஆள் மீண்டும் மீண்டும் துணைவராக வந்தால் என்ன செய்வது, கணவன் மனைவியோடு மறைவுக்குள் சென்றால் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

இனி படிவம். உதவி பெற்ற ஒவ்வொரு வாக்காளரின் பட்டியல் எண்ணையும் நேரத்தையும் எழுதச் சொல்லும் ஒரு பத்தி அதில் இருக்கிறது. நல்ல நோக்கத்தோடுதான் சேர்த்திருப்பார்கள். ஆனால் வாக்காளர் எண்ணிக்கை குறைவாக உள்ள சாவடியில், யார் எப்போது யாருடைய துணையோடு வாக்களித்தார் என்ற குறிப்பு தவறான கைக்குப் போனால், கண்காணிப்பாளரே உளவாளி ஆகிவிடுவார். எத்தனை பேர் உதவி பெற்றார்கள், ஒரே துணைவர் எத்தனை முறை வந்தார் என்ற எண்ணிக்கை போதும். ஆளை அடையாளம் காட்டும் எதுவும் தேவையில்லை. இன்னொரு பத்தி சாவடியின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறது. மறைப்பு இருக்கும் திசையைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை எங்கும் இல்லை. ‘இரகசியம் காக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கோ ஆம், இல்லை என்ற இரண்டே கட்டங்கள். நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள், அதை எழுத ஒரு வரிகூட இடம் விடவில்லை.

இக்குறைகளைக் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் வாங்கிப் படித்துவிட்டு, பட்டியல் எண் கேட்கும் பத்தியை என் கண்முன்னாலேயே பேனாவால் அடித்தார். அச்சாகிவிட்ட மற்ற பிரதிகளை என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை. முதன்முறை கண்காணிப்புக்குச் செல்பவர்கள் அந்த மாதிரிச் சாவடிக்காகவே இப்பயிற்சியில் சேரலாம். ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்கள் முதல் நாள் முற்பகலைத் தவிர்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் வந்தால் போதும்.