தேக்கா, மலைவேம்பா, பிளைவுட்டா? கையால் செய்யும் பெல்லிபோட்டுக்கு எது தோது

அறுகம்பையில் உல்லைக் கரையோரம் வாடகைக்கு அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் எழுந்து நின்று சறுக்குகிற நீளப் பலகைகள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அலை உடையும் நேரம் பார்த்துப் பாய்ந்து, வயிற்றில் படுத்தபடி கரைக்கு வர அவ்வளவு பெரிய சாமான் எதற்கு? நாலடி நீளம், ஓரடி அகலம், மூக்கு சற்று மேலே வளைந்த ஒரு மெல்லிய பலகை போதும், அதுதான் பெல்லிபோட். இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில் ஏறக்குறைய நூறு வருடமாக இதை வைத்து விளையாடுகிறார்கள். ஹவாய்க்காரர் இதேபோல் படுத்துச் சறுக்குகிற பைப்போ என்ற பலகை இதைவிடப் பழையது. மரக்காலைக்கும் ஓடாவிமாருக்கும் நம் பக்கத்தில் குறைவில்லை, ஆகவே செய்வது பெரிய காரியமில்லை. எந்த மரத்தில் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கதை.

முதலில் ஒரு கணக்கு. 120 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 9 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளைவுட் பலகையின் கனவளவு சுமார் 3.2 லீற்றர். எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். மிஞ்சுகிற மிதப்பு ஒரு கிலோ சொச்சம், அதை நம்பி ஆள் மிதக்க முடியாது. அலை தள்ளும் வேகத்தில் பலகை தண்ணீருக்கு மேலே வழுக்கி ஏறுகிறது, அதுதான் நம்மைத் தூக்குகிறது. அதனால் மரம் எவ்வளவு மிதக்கும் என்று பார்க்கத் தேவையில்லை. எவ்வளவு மெல்லிசாகச் சீவலாம், வெயிலில் கோணுமா, மூக்கு வளையுமா என்று பாருங்கள்.

கடையில் வாங்கும் ஃபோம் பொடிபோட் இதற்கு நேர்மாறு. 1971இல் ஹவாயில் டொம் மோரி செய்து காட்டிய சாமான் அது. தடிப்பானது, அகலமானது, ஆளைத் தாங்கும், நெஞ்சில் இடித்தாலும் நோகாது. ஆழத்துக்கு நீந்திப் போய் அலை பிடிப்பவர்களுக்கு அதுதான் சரி. சின்னப் பிள்ளைகளுக்கும் அதையே வாங்கிக் கொடுங்கள். ஆனால் சின்ன அலையில் மெல்லிய மரப்பலகை பிடிக்கிற வேகம் அதற்கு இல்லை என்பது என் எண்ணம்.

சரி, மரத்துக்கு வருவோம். தேக்கு என்றதும் எல்லோருக்கும் ஒரு மரியாதை. எங்கள் ஊர் ஓடாவியார் ஒருவரிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்: “தம்பி, அலுமாரிக்கெண்டா தேக்கு நல்லம். இதத் தோளில வெச்சுக்கொண்டு வெயிலுக்க நடக்கப் போறது நீங்கதானே?” அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அரை அங்குலத்துக்கு மேல், 18 மில்லிமீற்றர் தடிப்பில் அறுத்தால் தேக்குப் பலகை நாலு கிலோவைத் தாண்டும். தண்ணீரில் உக்காது, அது உண்மை. ஆனால் அதே எண்ணெய்த் தன்மையால் பசை சரியாகப் பிடிக்காது, ஒட்டுமுன் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். முதிரையை நினைக்கவே வேண்டாம். அதன் கனம் கிட்டத்தட்டத் தண்ணீரின் கனம்.

முழுமரத்தில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு மலைவேம்பு. மரக்காலையில் லுணுமிதெல்ல என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அதே அளவுப் பலகை இரண்டரைக் கிலோவளவில் நின்றுவிடும், சீவுளி சுகமாக ஓடும். இரண்டு குறை உண்டு. மெதுமரம் என்பதால் கல்லில் பட்டால் குழி விழும். மற்றது கோணல்: ஓரடி அகல ஒற்றைப் பலகையை ஈரத்தோடு கச்சான் காற்றில் போட்டுவிட்டுப் போனால் வந்து பார்க்கும்போது பீலி மாதிரி வளைந்திருக்கும். நாலு அங்குலத் துண்டுகள் மூன்றை, மரத்தின் வளையங்கள் ஒன்றுக்கு மேல்நோக்கியும் அடுத்ததற்குக் கீழ்நோக்கியும் வருமாறு மாற்றி ஒட்டினால் இது பெருமளவு குறையும். மூக்கு வளைவு மட்டும் தீராத பிரச்சினை. அந்தத் தடிப்பை வீட்டில் ஆவி பிடித்து வளைப்பது லேசில்லை. தட்டையாக விட்டால், பழகாத கைக்கு மூக்கு தண்ணீருக்குள் குத்தும்.

என் தெரிவு பிளைவுட். அலுமாரிக்கு முதுகு அடிக்கிற ரகம் வேண்டாம், தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய மரைன் பிளைவுட் கேளுங்கள். ஷீட்டின் ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், உள் அடுக்குகளுக்கிடையே ஓட்டை தெரிந்தால் அடுத்த ஷீட்டுக்குப் போங்கள். ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டில் கொதிக்க வைத்துக் காயவிட்டால் பசையின் தரம் தெரிந்துவிடும். அடுக்குப் பிரிந்தால் அது கடலுக்கு ஆகாது. எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றில் எட்டுப் பலகை வெட்டலாம், கூட்டாளிமார் சேர்ந்து வாங்கினால் கையைக் கடிக்காது.

வளைக்கிற வேலைக்கு 6 மில்லிமீற்றர் நல்லது. மேலடுக்கின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். மூக்குப்பக்கம் ஓரடிக்குச் சாக்குத்துணி சுற்றி, கொதிநீரை விட்டுவிட்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். அரை மணி நேரத்தில் பலகை இளகும். உடனே வளைவாக வெட்டிய இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கி, நன்றாகக் காயும்வரை தொடாதீர்கள். கழற்றியதும் கொஞ்சம் நிமிரும், அதனால் கட்டையில் வளைவைக் கூடுதலாகவே வெட்ட வேண்டும். மூக்கு இரண்டு அங்குலம் எழுந்தால் போதும். உடம்பு கனத்தவர்கள் 4 மில்லிமீற்றர் ஷீட் இரண்டை எபொக்ஸி பசை தடவி அதே கட்டையில் இறுக்கலாம். அது நிமிர்வதும் குறைவு, எனக்குப் பார்க்கவும் பிடிக்கும்.

பூச்சில் பலர் வள்ளம் பழுதுபார்க்கிற இடத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே வழக்கமாகக் கிடைக்கும் பொலியெஸ்டர் ரெசின் மரத்தில் எபொக்ஸி அளவு பிடிக்காது, பிறகு உரியும். ஆளிவிதை எண்ணெய் சில பூச்சு, அல்லது படகு வார்னிஷ், இரண்டும் பரவாயில்லை. எதைப் பூசினாலும் ஓரங்களுக்கு இரட்டிப்பாகப் பூசுங்கள், பிளைவுட்டுக்குள் தண்ணீர் நுழைவது அந்த வழியால்தான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

பலகையை, அறுகம்பையில் நீளப் பலகைக்காரர் கூடுகிற மெயின் பொயின்ருக்குக் கொண்டுபோகாதீர்கள், அடியில் பாறையும் பவளமும். மணலடி உள்ள, கால் ஊன்றுகிற இடம் வேண்டும். பாசிக்குடா வேலைக்காகாது, அங்கே அலையே இல்லை.